வஹீது வைத்த ஸ்விட்ச்

மோட்டார் என்றால் சென்னியப்பனுக்கு அத்துபடி. கோயமுத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் இருபத்திரண்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கருகிப்போன மோட்டாரை மோந்து பார்த்தே தோட்டத்துக்காரர் என்ன தப்புச் செய்தார் என்று சொல்லிவிடுவார். ஸ்டார்ட்டரில் கோளாறு வந்தால் கோளாறைத் தேடாமல், ஒயரை இழுத்து நேராக மோட்டாரில் கொடுத்து ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. ஊரில் அதற்கு ‘டைரக்ட் குடுக்கறது’ என்று பெயர். ‘டைரக்ட் கொடுத்துக் கருக்கிய மோட்டாருக்கு நாங்கள் ஜவாப்தாரி அல்ல’ என்று பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியே வைத்திருந்தார். யோக்கியமான மனிதர்தான், மோட்டார் விஷயத்தில்.

அப்பேர்ப்பட்டவர் 1998ஆம் வருஷம் ஆடி மாதத்தில், தன் சொந்தக் காருக்குள் ஒரே ஒரு ஸ்விட்சைத் தேடி இரண்டு நாள் தலைகீழாகக் கிடந்தார்.

திங்கட்கிழமை காலையில் வண்டி கிளம்பவில்லை. பழைய வெள்ளை அம்பாசிடர். சாவியைத் திருகினால் செல்ப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை ஆடி அமாவாசை. பவானி கூடுதுறைக்குப் போய் அப்பாவுக்குத் திதி கொடுத்தாக வேண்டும். இருபத்தேழு வருஷத்தில் ஒரு வருஷம் தவறியதில்லை. செத்துப்போனவர்களுக்குச் செய்ய வேண்டியதில் சென்னியப்பனை யாரும் குறை சொல்ல முடியாது.

முதலில் ரயில்வே கேட் பக்கத்தில் இருக்கும் கார் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார். அவர் பானெட்டைத் திறந்து, ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லேம்பை எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காயிலில் வைத்துப் பார்த்தார். பல்பு எரியவில்லை. சாவியின் பின்பக்கம் வைத்தார், எரிந்தது. சாவியில் கிளம்புகிற கரண்ட் காயிலுக்கு வந்து சேரவில்லை, நடுவில் எங்கோ திருட்டு ஸ்விட்ச் ஒன்று ஒளித்து வைத்திருக்கிறது, அது ஆஃப் ஆகியிருக்கிறது என்றார். வண்டியைத் திருடன் ஓட்டிப் போகாமலிருக்க வைக்கிற ஸ்விட்ச் அது. வைத்தவருக்கும் வண்டிக்காரருக்கும் மட்டும்தான் இடம் தெரியும்.

“ஆருங்க இந்த வேலையைச் செஞ்சது?” என்று கேட்டார் எலக்ட்ரீசியன். “வேலை சுத்தமா இருக்குதுங்க. அவரையே ஒருக்காக் கூப்புட்டீங்கன்னா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்.”

டவுனில் யாரோ ஒருத்தர் என்றார் சென்னியப்பன். வண்டிக்காரருக்கே தெரியாத திருட்டு ஸ்விட்சா என்று அந்த மனிதர் சிரித்தார். வேண்டுமானால் ஸ்விட்சைத் தேடாமல் சாவியிலிருந்து காயிலுக்கு ஒரு ஒயரை டைரக்டாகக் கொடுத்துவிடட்டுமா என்றும் கேட்டார். டைரக்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சென்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவரை அனுப்பிவிட்டு, நரசிம்மநாயக்கன்பாளையத்திலிருந்து இன்னொருவரை வரவழைத்தார். அவரும் வண்டிக்குள் தலையை விட்ட உடனே கேட்ட முதல் கேள்வி, “ஆருங்க இதைச் செஞ்சது?” என்பதுதான். அதற்கு மேல் யாரையும் கூப்பிடுவதில்லை, நாமே தேடிக்கொள்ளலாம் என்று சென்னியப்பன் முடிவு செய்தது அப்போதுதான். மிச்சம் பிடிக்க அல்ல. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வேலையைச் செய்தவர் அப்துல் வஹீது. டவுனில் உக்கடத்தில் கார் ஒயரிங் கடை வைத்திருந்தவர். பதினோரு வருஷமாகச் சென்னியப்பனின் வண்டியில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் அவர்தான் மாற்றுவார். நானூற்று நாற்பது வோல்ட்டில் விளையாடுகிற சென்னியப்பனுக்குக் காரின் பன்னிரண்டு வோல்ட் பிடிபடவில்லை என்பதில் வஹீதுக்கு ஒரு செல்லச் சிரிப்பு உண்டு. “இங்க ஒத்தை ஒயர்தானுங்ணா. திரும்பிப் போறதுக்கு வண்டியோட தகரமே வழி” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுப்பார். சென்னியப்பன் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்.

வஹீதிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வேலை செய்தாலும் முடித்த இடத்தில் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியை ஒரு துண்டு சுற்றி, அதில் பால்பாயிண்ட் பேனாவால் தேதியும் தன் பேரின் இரண்டு எழுத்தும் எழுதிவிடுவார். நாளைக்கு எதுவும் கோளாறென்றால் என் வேலை என்று நானே ஒத்துக்கொள்ள வேண்டும் இல்லையா என்பார். பிறத்தியான் வேலையைத் தன்னுடையது என்று சொல்லவும் மாட்டார், தன் வேலையை இல்லை என்று சொல்லவும் மாட்டார்.

தெருவில் ஒரு கார் திருட்டுப் போனதால், தன் வண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்று வைத்துத் தரும்படி சென்னியப்பன் கேட்டிருந்தார். மாசி பிறந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார் வஹீது. மத்தியானம் ராசாத்தாள் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கிப் போட்டாள். சாப்பிடும்போது, ஸ்விட்சை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று சென்னியப்பன் கேட்டார்.

“முடிச்சுப்போட்டுக் காட்டறேனுங்ணா” என்றார் வஹீது. “வண்டியப் பாத்து எடம் வெக்கக் கூடாதுங்க, ஆளப் பாத்து வெக்கோணும். தெனமும் கை தானாப் போற எடத்துல இருந்தாத்தான் மறக்க மாட்டீங்க.”

சாப்பிட்டுவிட்டுச் சென்னியப்பன் பட்டறைக்குள் போய்விட்டார். வஹீது வாசலில் வண்டிக்குள் வேலையாக இருந்தார். சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு டவுனிலிருந்து மொபெட்டில் வந்த வழிப்போக்கர் ஒருவர், பல இடத்தில் குண்டு வெடித்துவிட்டது, பெரியாஸ்பத்திரியில் பிணமாக வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார். வஹீதின் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் மனைவி உம்மல் குல்சும் தனியாக இருக்கிறாள். சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, “ஸ்விட்ச் ஆன்லயே இருக்குதுங்ணா, வண்டி ஓடும். அடுத்த வாட்டி வந்து காட்டறேனுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினார். பஸ் நின்றுபோயிருந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் நடந்தே போனார்.

அடுத்த வாட்டி வரவில்லை. நாலாம் நாள் போலீஸார் அவரை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். ஒயரும் பேட்டரியும் ஈயம் பற்றவைக்கிற கருவியும் வைத்திருக்கிறவர், அந்தச் சனிக்கிழமை நாள் முழுக்கக் கடையைப் பூட்டிவிட்டு எங்கே போயிருந்தார் என்பது கேள்வி. பெரியநாயக்கன்பாளையத்தில் சென்னியப்பன் அண்ணன் வண்டியில் வேலையாக இருந்தேன் என்றார் வஹீது. அதுதான் நிஜம். அந்த நிஜத்துக்கு உலகத்தில் இரண்டே சாட்சிகள்தான். ஒன்று சென்னியப்பன், இன்னொன்று அவர் மனைவி ராசாத்தாள்.

ராசாத்தாளின் அண்ணன் அங்கப்பன் அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டார். சேலத்தில் ஹாஸ்டலில் படிக்கும் சென்னியப்பனின் மகள் கயல்விழிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை, ஊரே எரிகிறபோது நம் கையை எதற்கு உள்ளே விடவேண்டும், நாளைக்குக் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைகிற வீட்டில் எவன் பெண் எடுப்பான் என்று கேட்டார். இத்தனை பிணம் விழுந்திருக்கிறது, அவர்களுக்குப் பரிந்துகொண்டு போனாய் என்று பேர் வந்தால் பட்டறைக்கு எவன் மோட்டார் கொண்டுவருவான் என்றும் கேட்டார். சென்னியப்பன் பதில் பேசவில்லை. பதில் பேசாதது பயத்தால்தான். ஆனால் விவேகம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து வயசான ஏட்டு ஒருவர் பட்டறைக்கு வந்தார். மிரட்டவில்லை, உருட்டவில்லை. டீ வாங்கிக் குடித்துவிட்டு, பிப்ரவரி பதினாலாம் தேதி அப்துல் வஹீது இங்கே வந்திருந்தாரா என்று தணிவாகத்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும்.

“அப்பப்ப வருவாருங்க, போவாருங்க” என்றார் சென்னியப்பன். “தேதியெல்லாம் ஞாபகமில்லீங்க.”

கழுவுற மீனில் நழுவுற மீன். வந்தார் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. ஏட்டு அதை அப்படியே எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கதவுக்குப் பின்னால் ராசாத்தாள் நின்றிருந்தாள். ஏட்டு போனதும், “ஏனுங்க, அன்னைக்குச் சனிக்கெழமைங்களே” என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, நீ வாயைத் திறக்காதே என்றார் சென்னியப்பன். அவள் திறக்கவில்லை. ஐந்து மாசமாகப் புருஷனிடம் சோறு போடட்டுமா, போதுமா என்பதற்கு மேல் அவள் பேசியதே குறைவு.

பங்குனியில் ஒரு தடவை குல்சும் பஸ் ஏறி வந்தாள். வஹீதுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை, வக்கீல் அந்த ஒரு நாளுக்குச் சாட்சி கேட்கிறார், அண்ணன் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். பார்க்கிறேன் அம்மணி என்று அனுப்பிவைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தாள். சென்னியப்பன் உள் அறையில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார். ராசாத்தாள் அப்படியே சொன்னாள். குல்சும் வாசலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, செருப்பு விடுகிற இடத்தைப் பார்த்தாள். சென்னியப்பனின் செருப்பு அங்கேதான் கிடந்தது. அவள் எழுந்து போனாள். மறுநாள் திங்கட்கிழமைதான் வண்டி கிளம்பாமல் போனது.

செவ்வாய்க்கிழமை தேடல் ஆரம்பித்தது. சென்னியப்பன் ஒரு டெஸ்ட் லேம்பைத் தானே கட்டினார். ஒரு ஒயரை எங்கே வைப்பது என்று கால்மணி நேரம் யோசித்து, வண்டியின் தகரத்தில் வைக்க வேண்டும் என்று கடைசியில் நினைவு வந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்பதும் கூடவே நினைவு வந்தது. முன் சீட்டைக் கழற்றித் திண்டு போலச் சாய்த்துவைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார். மேலே ஒயர்கள் கற்றை கற்றையாகப் போய்க்கொண்டிருந்தன. சாவியிலிருந்து கிளம்புகிற வெள்ளை ஒயரைப் பிடித்துக்கொண்டு போனால், அது ஒரு கற்றைக்குள் நுழைந்து மறைந்தது. மறுபக்கத்தில் ஏழு ஒயர்கள் வெளியே வந்தன. அதில் ஒன்றுகூட வெள்ளை இல்லை.

தேடியது கிடைக்கவில்லையே தவிர, தேடாத ஸ்விட்ச் எல்லாம் கிடைத்தது. கதவைத் திறந்தால் மேல் விளக்கை எரியவைக்கிற பொத்தான் ஸ்விட்ச் கதவுச் சட்டத்தில் இருந்தது. ஹெட்லைட்டை ஏற்றி இறக்கக் காலால் மிதிக்கிற ஸ்விட்ச் மிதியடிக்குக் கீழே மண் அடைத்துக் கிடந்தது. பிரேக் விளக்கு ஸ்விட்ச் பெடலில்தான் இருக்கும் என்று நினைத்து அங்கே அரைநாள் துழாவினார். அது வண்டிக்கு அடியில் பிரேக் ஆயில் குழாயில் முறுக்கியிருந்தது. பதினோரு வருஷம் ஓட்டிய வண்டியில் இத்தனை ஸ்விட்ச் இருப்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் சுற்றியிருந்த பிளாஸ்திரித் துண்டைப் பார்த்தார். 3-8-91, அ.வ. 20-11-94, அ.வ. எழுத்து மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

புதன்கிழமையும் தேடினார். பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் பார்த்தார். யாரும் சிகரெட் குடிக்காத வீட்டுக் காரின் சாம்பல் கிண்ணத்தைப் பிடுங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். விரல் கிழிந்ததுதான் மிச்சம். ராசாத்தாள் இரண்டு வேளையும் காப்பி கொண்டுவந்து பானெட்டின் மேல் வைத்துவிட்டு, சற்று நின்று பார்த்துவிட்டுப் போனாள். கிடைத்ததா என்றுகூடக் கேட்கவில்லை. அது வேறு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

பொழுது சாயும்போது அலுத்துப்போய் டிரைவர் சீட்டைத் திரும்ப மாட்டி, அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது கை தானாக எழுந்து போய், டேஷ்போர்டின் மேல் வைத்திருந்த பழனியாண்டவர் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. பதினோரு வருஷப் பழக்கம். சாமியைத் தொடாமல் அவர் சாவியைத் தொட்டதில்லை. கை கண்ணிலிருந்து இறங்குவதற்குள், அரிசிம்பருப்புச் சாதத்தைப் பிசைந்துகொண்டு வஹீது சொன்ன வார்த்தை காதில் கேட்டது. தினமும் கை தானாகப் போகிற இடம்.

படத்துக்கு நேர் கீழே டேஷ்போர்டின் உள்விளிம்பில் விரலை வைத்துத் துழாவினார். குண்டுமணி அளவு ஒரு இரும்புக் குமிழ் தட்டுப்பட்டது. மேலே தட்டினார், டிக் என்றது. சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரே உதறலில் பிடித்துக்கொண்டது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஸ்விட்சின் ஒயரில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருந்தது. வெயிலும் தூசியும் படாத இடம் என்பதால் நேற்று எழுதியது போல இருந்தது. 14-2-98. அ.வ.

ஐந்து மாசமாக ஞாபகமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த தேதி அவர் வண்டிக்குள்ளேயேதான் உட்கார்ந்திருந்தது. கோயிலுக்கும் கடைக்கும் அதையும் ஏற்றிக்கொண்டுதான் போய்வந்திருக்கிறார். தினமும் காலையில் சாமியைத் தொடும்போது அதற்கு நாலு விரற்கடை மேலேதான் கை வைத்திருக்கிறார். சென்னியப்பனுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் வஹீதின் மேல். “உன்னை ஆரு தேதி எழுதச் சொன்னது” என்று வாய்விட்டே முனகினார். நகத்தால் பிளாஸ்திரியைக் கிளப்பி, ஒரே இழுப்பில் பிய்த்து, சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிமிர்ந்தபோது ஜன்னலோரத்தில் ராசாத்தாள் நின்றிருந்தாள்.

“கெடச்சுப்போச்சுங்களா?”

“கெடச்சுது.”

“என்னமோ எழுதியிருக்கோணுமே.”

“ஒண்ணும் எழுதல” என்றார் சென்னியப்பன். ஏட்டுக்குச் சொன்னதாவது பாதிப் பொய். இது முழுசு. அவள் அவருடைய சட்டைப் பையை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை விடிகாலையில் இருவரும் பவானிக்குக் கிளம்பினார்கள். கூடுதுறையில் கூட்டம் நெருக்கியது. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. சென்னியப்பன் முழுகி எழுந்து ஈர வேட்டியோடு புரோகிதர் முன் உட்கார்ந்தார். ராசாத்தாள் இரண்டு படி மேலே நின்றாள். புரோகிதர் அப்பாவின் பேர், தாத்தாவின் பேர் கேட்டார். பிறகு, இறந்த நாள் தெரியுமா, தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இன்றைக்கு அமாவாசை என்றார்.

“மார்கழி மாசம், தேய்பிறை ஏகாதசி, செவ்வாக்கெழமைங்க” என்றார் சென்னியப்பன். “வெடியால நாலே முக்கா மணி.”

எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டார் புரோகிதர். இருபத்தேழு என்றதும், அப்பன் பேரையே மறந்துவிட்டு வந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு நல்ல ஞாபகம் என்று மெச்சிக்கொண்டார். சென்னியப்பன் மேல்படியைத் திரும்பிப் பார்க்கவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்து, பிண்டத்தை வாழையிலையோடு ஏந்திக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார். இடுப்பு மடிப்பில் செருகி வைத்திருந்த பிளாஸ்திரிச் சுருளை எடுத்து இலைக்குள் வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தண்ணீரில் விட்டார். இலை ஒரு சுற்றுச் சுற்றி அமிழ்ந்தது. அதோடு விட்டது என்று அவருக்குத் தோன்றியது. பாவத்தைக் கரைக்கிற ஆறுதானே.

துணி மாற்றிக்கொண்டு வந்தபோது ராசாத்தாள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் சாமியைத் தொட்டு ஒற்றிக்கொண்டு சாவியைத் திருகினார். செல்ப் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. விரலை விளிம்புக்கு அடியில் கொண்டுபோனார். குமிழ் கீழ்நோக்கி இருந்தது.

“நாந்தானுங்க அமத்துனேன்” என்றாள் ராசாத்தாள், நேராக முன்னால் பார்த்துக்கொண்டு. “திங்கக்கெழமையும் நாந்தான்.”

சென்னியப்பன் குமிழிலிருந்து விரலை எடுத்தார். அவள் தானாகவே சொன்னாள். தினமும் படத்துக்குப் பூ வைக்கிறவள் அவள்தான். அன்றைக்கு வஹீது, சாமி படத்தில் நான் கை வைக்கக் கூடாதுங்க என்று சொல்லி, அவளைக் கூப்பிட்டுப் படத்தை எடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஓட்டை போட்டு ஸ்விட்சை முடுக்கி, பிளாஸ்திரி சுற்றித் தேதி எழுதி, படத்தைத் திரும்ப வாங்காமல், நீங்களே இருந்த இடத்தில் வையுங்கள் என்றிருக்கிறார். அத்தனை நேரமும் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். வெண்ணெயை வீட்டில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நெய்க்கு அலைந்திருக்கிறார் சென்னியப்பன்.

“தெரிஞ்சுதான் வேடிக்கை பாத்தியா?”

“நாஞ் சொன்னா உங்க காதுல ஏறாதுங்க. நீங்களே தேடிப் பாத்தா, அந்தத் தேதியப் பாத்தா, மனசு எறங்குவீங்கன்னு நெனச்சேன். அந்தப் புள்ள நம்மூட்டு வாசல்ல உக்காந்து உங்க செருப்பப் பாத்துட்டுப் போச்சுங்க.” அவள் நிறுத்தினாள். “ஆத்துல உட்டதையும் பாத்தேன்.”

சென்னியப்பன் ஸ்விட்சைத் தட்டி வண்டியைக் கிளப்பினார். பெருந்துறை தாண்டும் வரை வண்டியை விரட்டினார். அவருக்குள் கோபமும் வெட்கமும் மாறி மாறி வந்தன. இரண்டில் கோபம் சுலபமாக இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டார். கடைசியில், நான் ஏட்டு முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இப்போது போய் மாற்றிச் சொன்னால் ஏன் அன்றைக்கு மறைத்தாய் என்று என்னைப் பிடித்து உள்ளே வைப்பான், பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா என்று கத்தினார். 

அவினாசியில் பாதை பிரிகிறது. நேராகப் போனால் கோயமுத்தூர். வலது கைப்பக்கம் திரும்பினால் அன்னூர் வழியாக வீடு. சென்னியப்பன் வலது கைப்பக்கம் திருப்பினார்.

“நிறுத்துங்க” என்றாள் ராசாத்தாள்.

வயிற்றைப் புரட்டுகிறதாக்கும் என்று நினைத்து ஓரமாக நிறுத்தினார். அவள் கதவைத் திறந்து இறங்கி, ஈரத்துணிப் பையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு, மணிபர்சை மட்டும் எடுத்துக்கொண்டாள். சென்னியப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது.

“எங்க போறே?”

“குல்சும் ஊட்டுக்குங்க. வக்கீல் எங்கிருக்காருன்னு அந்தப் புள்ள கூட்டிப் போகும்.”

“நீ போய் அன்னைக்கு வந்தாருன்னு சொன்னீன்னா, நான் பொய் சொன்னேன்னு ஆயிரும்.”

“ஆமாங்க” என்றாள் ராசாத்தாள்.

அதில் கோபம்கூட இல்லை. சாமான் பட்டியலில் விட்டுப்போன ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு ஜன்னலுக்கு நேராகக் குனிந்தாள்.

“செத்தவீங்களுக்கு மணி முதக்கொண்டு ஞாபகம் வச்சிருக்கறீங்க. உசுரோட உள்ள கெடக்கறவருக்குத்தான் நாள் மறந்துபோச்சு. எனக்கு மறக்கலீங்க.”

ரோட்டைக் கடந்து போய் கோயமுத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் நின்றாள். சென்னியப்பன் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அவள் திரும்பவில்லை. ஒரு பஸ் வந்து மறைத்து நின்றது. பஸ் நகர்ந்தபோது அந்த இடத்தில் யாரும் இல்லை.

வெயில் ஏறியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கலாம், முந்திக்கொண்டு தானே வக்கீலிடம் போய்ச் சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்றெல்லாம் நினைத்தார். நினைப்பதற்கு ஒன்றும் செலவில்லை. பிறகு, பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அன்னூர் பக்கமே கிளம்புவதற்குச் சாமியைத் தொடப் போனார். கை தவறி விளிம்புக்கு அடியில் பட்டது. பிளாஸ்திரியைப் பிய்த்த இடத்தில் பிசின் இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.